கொக்கி மாட்டிய வாக்கியங்கள்



ஊரில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள். ராட்டினம் வந்திருக்கிறது. தட்டு அகலத்துக்கு டெல்லி அப்பளம் பொரிக்கிறார்களாம். "எப்பம்மா போகலாம்?" என்று அம்மாவைக் கேட்கிறீர்கள். அம்மா இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம்.

"அப்பா வந்ததும் போகலாம்."

"அப்பா வந்தால் போகலாம்."

முதல் பதிலைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? ஓடிப்போய் முகம் கழுவி, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவீர்கள். இரண்டாவது பதிலைக் கேட்டால்? முகம் சுருங்கிவிடும். ஏனென்றால், அப்பா இன்று சீக்கிரம் வருவாரா என்பதே சந்தேகம்! 'வந்ததும்', 'வந்தால்' இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் ஒரு மாலை நேரத்தின் சந்தோஷமே அதில்தான் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை உங்களுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிச் சொல்லித் தரவில்லை. நாலு வயதிலேயே உங்களுக்குத் தெரியும். இதே வித்தியாசம் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அங்கே அதற்குப் பெரிய பெயர் வைத்திருப்பதால் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இன்றைய பாடம்.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வாக்கியங்களை நான் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றை நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். படித்த மாதிரியும் ஆயிற்று, எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று!

பெரிய பெயர், சின்ன விஷயம்

அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போம்.

வீ வில் கோ வென் அப்பா கம்ஸ். (அப்பா வந்ததும் போகலாம்.)

வீ வில் கோ இஃப் அப்பா கம்ஸ். (அப்பா வந்தால் போகலாம்.)

இரண்டிலும் 'வீ வில் கோ' என்ற பகுதி இருக்கிறது. அதை மட்டும் சொன்னால் போதுமா? போதும். 'நாம் போவோம்' என்று பொருள் முடிந்துவிடுகிறது. தன் காலில் தானே நிற்கும் இந்தப் பகுதிக்கு 'மெயின் கிளாஸ்' என்று பெயர். தமிழில் முதன்மை வாக்கியம் என்போம்.

இப்போது 'இஃப் அப்பா கம்ஸ்' என்பதை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்பா வந்தால்..." என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவர் உடனே, "அப்புறம்?" என்று கேட்பார். அந்த 'அப்புறம்?' என்ற கேள்வி வந்தால், அது தனியாக நிற்க முடியாத பகுதி என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்குத்தான் 'சப்ஆர்டினேட் கிளாஸ்' என்று பெரிய பெயர். தமிழில் துணை வாக்கியம்.

முதன்மை வாக்கியமும் துணை வாக்கியமும் சேர்ந்தால் 'காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ்', அதாவது கலவை வாக்கியம். 'காம்ப்ளெக்ஸ்' என்றதும் சிக்கலானது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் ஒரு நாளில் பேசும் தமிழில் கலவை வாக்கியங்கள் எத்தனையோ இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துணை வாக்கியத்துக்குள்ளும் ஒரு எழுவாயும் ஒரு வினைச்சொல்லும் இருக்கும். 'அப்பா' எழுவாய், 'கம்ஸ்' வினை. 'ஆஃப்டர் டின்னர்' என்பதில் வினைச்சொல் இல்லை. அதனால் அது கிளாஸ் இல்லை, வெறும் சொற்றொடர். 'ஆஃப்டர் வீ ஈட்' என்றால் 'வீ' இருக்கிறது, 'ஈட்' இருக்கிறது. அது கிளாஸ்.

பாதியில் நின்ற லீவ் லெட்டர்

நான் பள்ளியில் வேலை பார்த்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டு நாள் வராமல் இருந்து, மூன்றாம் நாள் லீவ் லெட்டர் கொண்டுவந்தாள். மேலே தேதி, 'ரெஸ்பெக்டட் டீச்சர்' எல்லாம் அழகாக எழுதியிருந்தாள். நடுவில் ஒரே வரி.

'ஆஸ் மை மதர் இஸ் நாட் வெல்.'

அதன் பிறகு புள்ளி. கீழே 'தேங்க்கிங் யூ' என்று எழுதிக் கையெழுத்து!

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால்... அதனால் என்னம்மா? நாங்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டுமா?" என்று நான் வகுப்பிலேயே சத்தமாகக் கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு ஒரு வாரம் ஆங்கில வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். "மிச்சம் எழுதத் தெரியலை டீச்சர். அதான் புள்ளி வச்சிட்டேன்" என்றாள்.

வாக்கியம் முடியவில்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. எப்படி முடிப்பது என்றுதான் தெரியவில்லை. நான் சிரித்திருக்கக் கூடாது. 'அப்புறம்?' என்று கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்டேன். "அப்புறம்... நான் வரலை டீச்சர்" என்றாள். "அதை இங்கிலீஷில் சொல்லு." "ஐ குட் நாட் கம்." அவ்வளவுதான்! இரண்டையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

'ஆஸ் மை மதர் வாஸ் நாட் வெல், ஐ குட் நாட் கம் டு ஸ்கூல்.'

லீவ் எடுத்தது கடந்துபோன இரண்டு நாள் என்பதால் 'இஸ்' என்பதை 'வாஸ்' ஆக்கினோம், அவ்வளவே. 'ஆஸ்' என்ற சின்னச் சொல்தான் அங்கே கொக்கி. ஒரு வாக்கியத்தின் தலையில் கொக்கியை மாட்டிவிட்டால், அது இன்னொரு வாக்கியத்தில் போய்த் தொங்கியே ஆக வேண்டும். அதைத் தொங்கவிடாமல் புள்ளி வைத்தால் கீழே விழுந்துவிடும்.

ஒரு சந்தேகம் வரலாம். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால், "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்" என்று மட்டும் சொல்கிறார்களே, அது தப்பா? இல்லை. பேச்சில் அது சரிதான். கேள்வியிலேயே மீதிப் பாதி இருக்கிறது. கொக்கி அதில் போய்த் தொங்கிக்கொள்கிறது. ஆனால் கடிதத்திலும் தேர்வுத் தாளிலும் உங்கள் எதிரில் யாரும் நின்று கேள்வி கேட்பதில்லை. அங்கே முழு வாக்கியமாகவே எழுத வேண்டும்.

தமிழில் வாலில், ஆங்கிலத்தில் தலையில்

தமிழ் இலக்கணத்தில் 'எச்சம்' படித்திருப்பீர்கள். முடிந்தது முற்று, முடியாமல் மிச்சம் இருப்பது எச்சம். 'வந்தான்' என்றால் முடிந்துவிட்டது. 'வந்தால்', 'வந்து', 'வந்த' என்றால் முடியவில்லை, மீதிக்காகக் காத்திருக்கிறது. ஆங்கிலத் துணை வாக்கியமும் அப்படித்தான், மீதிக்காகக் காத்திருக்கும்.

பிறகு என்ன வித்தியாசம்? கொக்கி மாட்டும் இடம்தான்!

தமிழில் கொக்கி வினைச்சொல்லின் வாலில் இருக்கும். 'வந்தால்' என்பதில் 'ஆல்'. 'வந்தபோது' என்பதில் 'போது'. ஆங்கிலத்திலோ கொக்கி தனிச் சொல்லாக, துணை வாக்கியத்தின் தலையில் நிற்கும். இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

அப்பா வந்தால் — இஃப் அப்பா கம்ஸ்
அப்பா வந்தபோது — வென் அப்பா கேம்
அப்பா வந்ததால் — பிகாஸ் அப்பா கேம்
அப்பா வந்தபோதிலும் — தோ அப்பா கேம்
அப்பா வருவதற்கு முன் — பிஃபோர் அப்பா கம்ஸ்
அப்பா வந்த பிறகு — ஆஃப்டர் அப்பா கேம்
அப்பா வரும் வரை — அன்டில் அப்பா கம்ஸ்
அப்பா வராவிட்டால் — அன்லெஸ் அப்பா கம்ஸ்

இடது பக்கம் கடைசியைப் பாருங்கள். வலது பக்கம் முதலைப் பாருங்கள். கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் மாறியிருக்கிறது, இல்லையா? தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்லும்போது, வாலில் இருப்பதைக் கழற்றித் தலையில் மாட்டுங்கள். பாதி வேலை முடிந்தது.

தமிழில் துணை வாக்கியம் பெரும்பாலும் முன்னால் வரும். முதன்மை வாக்கியம் கடைசியில் வந்து முடித்து வைக்கும். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் வரலாம்.

இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் ப்ளே கேரம்.

வீ வில் ப்ளே கேரம் இஃப் இட் ரெய்ன்ஸ்.

இரண்டும் 'மழை பெய்தால் கேரம் விளையாடுவோம்' என்பதுதான். துணை வாக்கியம் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் ஒரு காற்புள்ளி போடுங்கள். பின்னால் வந்தால் பெரும்பாலும் காற்புள்ளி தேவையில்லை.

ஒரு கொக்கி போதும்

நான் திருத்திய விடைத்தாள்களில் அடிக்கடி சிவப்பு மையால் சுழித்த தப்பு இது.

'பிகாஸ் ஐ வாஸ் சிக், ஸோ ஐ டிட் நாட் கம்.'

'தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ ப்ளேட்.'

தப்பு எங்கே இருக்கிறது? இவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எனக்கு உடம்பு சரியில்லாததால், அதனால் நான் வரவில்லை.' 'மழை பெய்தபோதிலும், ஆனால் நாங்கள் விளையாடினோம்.' காதுக்கு இடிக்கிறதா? 'ததால்' என்று சொன்ன பிறகு 'அதனால்' எதற்கு? ஒரு சட்டையை மாட்ட ஒரு கொக்கி போதும். இரண்டு கொக்கியில் மாட்டினால் கிழியத்தான் கிழியும்!

ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை எடுத்தாலும் சரிதான்.

பிகாஸ் ஐ வாஸ் சிக், ஐ டிட் நாட் கம்.

ஐ வாஸ் சிக், ஸோ ஐ டிட் நாட் கம்.

இது போன்ற சந்தேகம் வரும்போதெல்லாம் உங்கள் தமிழ்க் காதைக் கேளுங்கள். அது பல இடங்களில் சரியாகவே சொல்லும்.

'வில்' வேண்டாம்

'நான் வீட்டுக்குப் போனதும் உனக்குப் போன் செய்கிறேன்.' இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பலர், 'ஐ வில் கால் யூ வென் ஐ வில் ரீச் ஹோம்' என்கிறார்கள். வீட்டுக்குப் போவது இனிமேல்தானே, எதிர்காலம்தானே, அதனால் 'வில்' போட வேண்டாமா என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. பதில் தமிழிலேயே இருக்கிறது. 'போனதும்' என்ற சொல்லைப் பாருங்கள். 'போன' என்பது இறந்தகாலம். ஆனால் நீங்கள் சொல்வது இனி நடக்கப் போவது. 'நாளைக்கு மழை பெய்தால்' என்கிறோம். நாளைய மழைக்கு 'பெய்த்' என்ற இறந்தகால வடிவம்! எதிர்காலத்தைக் காட்டும் வேலையை முதன்மை வாக்கியம் பார்த்துக்கொள்வதால், துணை வாக்கியம் அதைச் சுமக்கவில்லை.

ஆங்கிலமும் ஏறக்குறைய இதையே செய்கிறது. இனி நடக்கப் போவதைச் சொல்லும்போது, இஃப், வென், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், அன்லெஸ் ஆகியவற்றை அடுத்து 'வில்' போடாமல் நிகழ்காலம் போடுகிறது.

ஐ வில் கால் யூ வென் ஐ ரீச் ஹோம்.

இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, வீ வில் ஸ்டே அட் ஹோம்.

'வில்' முதன்மை வாக்கியத்தில் ஒரு முறை வந்தால் போதும்.

கவனம் தேவை: அன்டில், அன்லெஸ்

இந்த இரண்டு கொக்கிகளைத் தவறாகப் புரிந்துகொண்டால் மதிப்பெண் மட்டும் போகாது, ஆபத்தும் வரலாம்.

டோன்ட் கெட் டவுன் அன்டில் த பஸ் ஸ்டாப்ஸ்.

'பஸ் நிற்கும் வரை இறங்காதே' என்று பொருள். சிலர் 'பஸ் நிற்காத வரை இறங்காதே' என்று மனதில் நினைத்துக்கொண்டு, 'அன்டில் த பஸ் டஸ் நாட் ஸ்டாப்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. 'அன்டில்' என்றால் 'வரை'. அதற்குள் இன்னொரு 'நாட்' வேண்டாம்.

அடுத்து, அம்மாவும் அப்பாவும் வெளியே போயிருக்கிறார்கள். நீங்கள் தனியாக வீட்டில் இருக்கிறீர்கள். அவர்கள் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

டோன்ட் ஓபன் த டோர் அன்லெஸ் யூ நோ த பெர்சன்.

'அன்லெஸ்' என்பதில் 'இஃப்', 'நாட்' இரண்டும் ஒன்றாக ஒளிந்திருக்கின்றன. 'உனக்குத் தெரிந்தவராக இல்லாவிட்டால் கதவைத் திறக்காதே' என்பது பொருள். அவசரத்தில் 'அன்லெஸ்' என்பதை 'இஃப்' என்று படித்துவிட்டால் என்ன ஆகும்? 'தெரிந்தவராக இருந்தால் திறக்காதே' என்று ஆகிவிடும்! பாட்டி வெளியே நிற்க வேண்டியதுதான். அதைவிட மோசம், தெரியாதவருக்குத் திறக்கலாம் என்று நினைத்துவிடலாம். ஒரு சின்னச் சொல் முழுக் கட்டளையையும் தலைகீழாக்கிவிடும். அதனால்தான் சொல்கிறேன், அறிவிப்புகளைப் படிக்கும்போது கொக்கிச் சொல்லை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்விக்குள் கேள்வி

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் பயணி ஒருவர் உங்களிடம் வந்து கேட்கிறார்.

"குட் யூ டெல் மீ வேர் த பஸ் ஸ்டாண்ட் இஸ்?"

'வேர் இஸ் த பஸ் ஸ்டாண்ட்?' என்றுதானே நாம் படித்திருக்கிறோம்; இவர் 'இஸ்' என்பதைக் கடைசியில் சொல்கிறாரே என்று தோன்றும். அவர் சொன்னதுதான் சரி. நேராகக் கேட்டால் 'வேர் இஸ் த பஸ் ஸ்டாண்ட்?' அதுவே 'சொல்ல முடியுமா?', 'எனக்குத் தெரியும்', 'எனக்குத் தெரியாது' என்பவற்றோடு சேர்ந்து துணை வாக்கியமாகிவிட்டால், அது கேள்வியின் வேடத்தைக் கலைத்துவிட்டுச் சாதாரண வாக்கிய வரிசைக்கு வந்துவிடும்.

வாட் இஸ் யுவர் நேம்? — டெல் மீ வாட் யுவர் நேம் இஸ்.
வேர் டஸ் ஹீ லிவ்? — ஐ நோ வேர் ஹீ லிவ்ஸ்.

இரண்டாவதில் 'டஸ்' காணாமல் போனதைக் கவனித்தீர்களா? அது கேள்வி கேட்பதற்காக வந்த ஆள். கேள்வி முடிந்ததும் போய்விட்டது.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'அவன் எங்கே இருக்கிறான்?' என்பதோடு 'என்று தெரியும்' சேர்த்தால் போதும், வரிசை மாறுவதே இல்லை. அதனால்தான் நமக்கு 'ஐ நோ வேர் டஸ் ஹீ லிவ்' என்று எழுதத் தோன்றுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் தப்பும் குறைந்துவிடும்.

குரங்கும் மாங்காயும்

இதுவரை பார்த்த கொக்கிகள் எப்போது, ஏன், எந்த நிபந்தனையில், எங்கே என்று சொல்வதற்கு உதவின. இன்னொரு வகை இருக்கிறது. 'எந்த ஆள்?', 'எந்தப் பொருள்?' என்று அடையாளம் காட்டும் கொக்கி.

'சன்னல் ஓரம் உட்காரும் பையன் என் நண்பன்.'

த பாய் ஹூ சிட்ஸ் நியர் த விண்டோ இஸ் மை ஃப்ரெண்ட்.

ஆளைக் குறிக்க 'ஹூ'. பொருளையும் விலங்கையும் குறிக்க 'விச்' அல்லது 'தட்'. தமிழில் 'உட்காரும் பையன்' என்று பெயரெச்சம் முன்னால் வந்து, பையன் பின்னால் வருகிறான். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுகிறான். அவன் யார் என்ற விவரம் பின்னால் வருகிறது. இங்கேயும் கண்ணாடிதான்!

இப்போது ஒரு வேடிக்கை. பாட்டி ஒரு மாங்காய் வாங்கினார். அதைக் குரங்கு திருடியது. அந்தக் குரங்கை நாய் துரத்தியது. அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழில்: பாட்டி வாங்கிய மாங்காயைத் திருடிய குரங்கைத் துரத்திய நாய்.

ஆங்கிலத்தில்: த டாக் தட் சேஸ்ட் த மங்கி தட் ஸ்டோல் த மேங்கோ தட் பாட்டி பாட்.

தமிழில் பாட்டி முதலில், நாய் கடைசியில். ஆங்கிலத்தில் நாய் முதலில், பாட்டி கடைசியில்! ஒரே ஊர்வலம்தான். நாம் தெருவின் இந்த முனையில் நின்று பார்க்கிறோம். அவர்கள் அந்த முனையில் நின்று பார்க்கிறார்கள். நீளமான ஆங்கில வாக்கியம் புரியாமல் திணறும்போது இந்த நாயையும் குரங்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். 'தட்', 'ஹூ', 'விச்' வரும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வெட்டுங்கள். பிறகு கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். தமிழ் தானாக வந்துவிடும்.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. இஃப், வென், பிகாஸ் போன்றவற்றோடு வருவது 'அட்வெர்ப் கிளாஸ்'. 'வேர் ஹீ லிவ்ஸ்' மாதிரி 'எனக்கு என்ன தெரியும்?' என்பதற்கு விடையாக வருவது 'நௌன் கிளாஸ்'. 'ஹூ சிட்ஸ் நியர் த விண்டோ' மாதிரி பெயர்ச்சொல்லை விளக்க வருவது 'அட்ஜெக்டிவ் கிளாஸ்'. மூன்றும் துணை வாக்கியங்களே. பார்க்கும் வேலைதான் வேறு.

தெரிந்துகொள்ளுங்கள்

* வாக்கியத்தின் கடைசியில் வினைச்சொல்லை வைத்து, அதன் வாலில் கொக்கி மாட்டும் மொழி தமிழ் மட்டும் இல்லை. ஜப்பானிய மொழி, கொரிய மொழி, துருக்கி மொழி ஆகியவையும் அப்படித்தான் செய்கின்றன.

* பிரெஞ்சு மொழி ஆங்கிலம் மாதிரி. கொக்கி தனிச் சொல்லாகத் தலையில் நிற்கும்.

* ஜெர்மன் மொழி ஒரு வேடிக்கை. கொக்கி தலையில் நிற்கும். ஆனால் துணை வாக்கியத்தின் வினைச்சொல் தமிழைப் போலக் கடைசிக்குப் போய்விடும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. 'தோ' சேர்த்து ஒரே வாக்கியமாக்குங்கள்: இட் வாஸ் ரெய்னிங். வீ ப்ளேட்.

2. திருத்துங்கள்: பிகாஸ் ஐ வாஸ் லேட், ஸோ ஐ மிஸ்ட் த பஸ்.

3. திருத்துங்கள்: வீ வில் ஈட் வென் அம்மா வில் கம்.

4. திருத்துங்கள்: டூ யூ நோ வேர் இஸ் மை பென்?

5. ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: நேற்று வந்த பையன்.

6. தமிழில் சொல்லுங்கள்: ஐ வில் நாட் கோ அன்லெஸ் யூ கம்.

விடைகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம். இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஆங்கிலப் பாடப் புத்தகத்திலோ, ஆங்கில நாளிதழிலோ தினமும் ஐந்து கொக்கிச் சொற்களைக் கண்டுபிடித்து வட்டம் போடுங்கள். அந்தக் கொக்கி எதில் போய்த் தொங்குகிறது என்று ஒரு அம்புக்குறி வரையுங்கள். ஏழு நாளில் முப்பத்தைந்து வாக்கியங்கள்! அதற்குப் பிறகு சப்ஆர்டினேட் கிளாஸ் என்ற பெயரைக் கேட்டால் பயம் வராது.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் யாராவது ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். 'அப்புறம்?' என்று அன்பாகக் கேளுங்கள். மீதிப் பாதி அவர்களுக்குள்ளேயே இருக்கும். நீங்கள் கேட்டால் வெளியே வரும்.

அந்தச் சிறுமி அடுத்த முறை லீவ் லெட்டர் தந்தபோது, வாக்கியம் முழுதாக இருந்தது. காற்புள்ளியைக்கூட மறக்கவில்லை. 'வெரி குட்' என்று எழுதி, அதைத்தான் அன்று வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

விடைகள்

1. தோ இட் வாஸ் ரெய்னிங், வீ ப்ளேட்.

2. பிகாஸ் ஐ வாஸ் லேட், ஐ மிஸ்ட் த பஸ். (அல்லது) ஐ வாஸ் லேட், ஸோ ஐ மிஸ்ட் த பஸ்.

3. வீ வில் ஈட் வென் அம்மா கம்ஸ்.

4. டூ யூ நோ வேர் மை பென் இஸ்?

5. த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே.

6. நீ வராவிட்டால் நான் போக மாட்டேன்.

ஆறும் சரியா? சபாஷ்! ஒன்றிரண்டு தப்பா? பரவாயில்லை. அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.